ஒன்றாம் எண்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவளுக்குச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையைத் துடைப்பதும் ஒரு வேலை. இடது ஓரத்தில், உலோகங்களின் தலைக்கு மேலே ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும்.

"இது வாயுவாச்சே சார், இங்க எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கீழ இருக்கிறதுங்க மாதிரி இதுக்கும் வெளிவட்டத்துல ஒரே எலக்ட்ரான்தான், அதனால இங்க. வலப்பக்கம் வைக்கிறவங்களும் உண்டு, தனியா வைக்கிறவங்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரலம்மா," என்று சிரித்தார் வேதியியல் ஆசிரியர். "ஆனா எங்க வச்சாலும் ஒண்ணாம் நம்பர் அதுக்குத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மாவின் இரண்டாம் கல்யாணத்தோடு, அம்மாவின் இடுப்பிலேயே வளர்த்த அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் வேறு போக்கிடம் தேடியதில்லை.

அந்த வீட்டில் பிறந்த தங்கையின் கல்யாணத்தில் போட்டோக்காரர், "கூடப்பொறந்தவங்க இந்தப் பக்கம், சொந்தக்காரங்க அந்தப் பக்கம்!" என்று கூவினார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அவள் கைவேலை இருப்பதுபோல் மெல்ல நழுவப் பார்த்தாள்.

"எங்கடி ஓடுற?" வளர்த்த அப்பா நாற்காலியிலிருந்தே அதட்டினார். "என் புள்ளைங்கள எண்ணச் சொன்னா உங்கிட்டேருந்துதான் ஆரம்பிப்பேன். வந்து முதல்ல நில்லு."

"சீக்கிரம் வாக்கா, மேக்கப் வழியுது!" என்றாள் தங்கை.

இப்போது அந்தப் போட்டோவையும் அவள்தான் தினமும் துடைக்கிறாள். அதில் கண் கலங்கி, பல் தெரியச் சிரித்தபடி, வரிசையில் முதலாவதாக நிற்கிறாள்.