இரண்டாம் வகுப்பில் நான் இல்லாத நாட்கள்

கதையில் கரடி பேசும் இடம் வந்தபோது என் குரல் எழவில்லை. காற்று மட்டும் வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதுவும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

காக்ஸ் டவுனில் எங்கள் பள்ளி சாலையை ஒட்டியது. தூசி, சாக்பீஸ், மழைக்காலச் சளி என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தொண்டை கட்டும். நானும் வெந்நீர் குடித்துக் காலம் கடத்தினேன். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள். தைராய்டில் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) புற்றுநோய். மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கட்டி குரல் நரம்பைச் (குரல்வளைத் தசைகளை அசைக்கும் மெல்லிய நரம்பு) சுற்றிப் பிடித்திருந்தது.

“பிரிக்க முடிஞ்சா பிரிச்சிடுவேன்மா. முடியலன்னா நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்கணும். உயிருக்குப் பயம் கம்மி. குரலுக்கு நான் கேரண்டி தர முடியாது.”

என் கணவர் ஸ்டீபன் சாப்பாடு, ஓய்வு என்று எல்லாம் கேட்டார். குரலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சையை உடனே செய்ய வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த காவ்யா என் வகுப்பைப் பார்த்துக்கொள்வாள் என்றும், ஒரு வாரத்துக்கான பாடங்களை எழுதித் தந்துவிட்டுப் போகும்படியும் தலைமையாசிரியை சொன்னார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். கூட்டல் பயிற்சியும் படம் பார்த்து வாக்கியம் அமைப்பதும் சுலபமாக வந்தன. மற்றதை எழுதும்போதுதான் வகுப்பில் நான் செய்வதில் பாதிக்கு எழுத்து வடிவமே இல்லை என்று தெரிந்தது. ரக்ஷிதா கணக்கில் திகைத்து நின்றால் அவள் வீட்டு மொழியான கன்னடத்தில் ஒரு வார்த்தை போதும். ஆயிஷா அழுவதற்கு முன் உதட்டைக் கடிப்பாள். சத்தம் கூடினால் அதட்ட வேண்டாம், குரலைத் தாழ்த்துங்கள், தானாக அடங்குவார்கள். இப்படியே போய், ஒரு பருவத்துக்கே எழுதிவிட்டேன்.

“ஒரு வாரத்துக்குத்தானே கேட்டாங்க?” என்றார் ஸ்டீபன்.

இருக்கட்டும் என்றேன். அவர் போனை எடுத்து, எழுதியதை நீயே வாய்விட்டுப் படி, உன் குரலை ரெக்கார்ட் பண்ணி வைக்கலாம் என்றார். நான் செத்துப்போகிற மாதிரிப் பேசாதீர்கள் என்றேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அறுவையில் நரம்பைப் பிரிக்க முடியவில்லை; கட்டியோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டேன். நர்ஸ் குனிந்து என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். குடித்த தண்ணீர் புரையேறியது. ஒரு பக்கக் குரல்நாண் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) இனி அசையாது என்றார்கள். பிறகு அயோடின் சிகிச்சை (கதிரியக்க மருந்தை விழுங்கச் செய்து மிச்சமுள்ள புற்றுச் செல்களை அழிப்பது). அதற்காகச் சில நாள் தனியறையில் வைத்தார்கள். பேச யாருமில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

வீடு திரும்பியதும் காவ்யா பார்க்க வந்தாள்.

“நீங்க எழுதினபடியே எல்லாம் செஞ்சேன் மிஸ். குரலைத் தாழ்த்துன்னு எழுதியிருந்தீங்கல்ல, அது மட்டும் எனக்கு வரல. கத்திட்டேன்.”

பரவாயில்லை என்று கையசைத்தேன்.

பேச்சுப் பயிற்சிக்குப் பின் குசுகுசுப்புக்குச் சற்று மேலான குரல் கிடைத்தது. அதோடு வகுப்புக்குப் போனேன். முதலில் பிள்ளைகள் மிரண்டு அமைதியாக இருந்தார்கள். பிறகு பழையபடி சத்தம் போட்டார்கள். யாரும் அடங்கவில்லை. உரத்துப் பேசக்கூடியவள் தாழ்த்தினால்தான் அது தாழ்ந்த குரல் என்று அப்போது புரிந்தது. ஒரு நாள் ரக்ஷிதா பெஞ்சின் மேல் ஏறினாள். இறங்கச் சொல்லிக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அவள் விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்டார்கள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “கிளாஸ் வேண்டாம் மேரி. ஸ்டாஃப் ரூம்ல இருங்க. யார் லீவ் போட்டாலும் அவங்க கிளாஸுக்கு சப்ஸ்டிட்யூஷன் பாடம் நீங்க எழுதிக் கொடுங்க. உங்கள மாதிரி யாருக்கும் எழுத வராது.” அன்பாகத்தான் சொன்னார்.

இப்போது யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அன்றைய பாடம் என்னிடம் தயார். மற்றவர்கள் வராத நாட்கள்தான் என் வேலைநாட்கள். என் சொந்த நாட்கள், புற்று திரும்பியதா என்று பார்க்கும் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரை. மாலைக்குள் குரல் தீர்ந்துவிடுவதால், எதைச் சொல்வது, எதை விடுவது என்று காலையிலேயே முடிவு செய்கிறேன்.

இதே அறுவைக்குக் காத்திருப்பவர்கள் குரலைப் பற்றி முன்பே கேளுங்கள். உயிரைவிடக் குரல் பெரிதா என்று யாராவது சொல்வார்கள். இருந்தாலும் கேளுங்கள்.

சென்ற வாரம் வராந்தாவின் மறுகோடியில் ஒரு குழந்தை, ஷூ லேஸ் அவிழ்ந்து இழுபட, மாடிப்படியை நோக்கி ஓடியது. நான் கூப்பிடவில்லை. எழுந்து நடந்தேன். முன்பு என் குரல் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்த தூரம்தான். நான் படியை அடைந்தபோது குழந்தை பத்திரமாகக் கீழே இறங்கிப் போயிருந்தது. மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.