மைக்கிலேயே ‘முடியாது’ன்னு சொன்னவர்

மைக் செட் தொழிலில் நமக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. என்னைப்போல ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பிழைத்த உங்களுக்கு நான் சொல்லவா வேணும்? எழுபதுகளில் சங்கரன்கோவிலில் எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் என் செட்தான். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். என் மூத்த மகள் கிரேஸ் படிப்பில் கெட்டி. அவளுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைக்கணுமே என்று வீட்டில் எல்லாரும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த வருசம், ஒரு தேர்தலும் வந்தது.

முகத்தை மறைத்த மைக்

ஒரு வேட்பாளர் பளபளவென்று வருவார். சட்டையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது. கூடவே போட்டோக்காரர். மைக் முகத்தை மறைக்கிறது என்று நெஞ்சுக்குக் கீழே இறக்கச் சொன்னார். குரல் பிடிக்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன், குழாய் ஊளையிட்டது. குறைத்தேன், உதடு மட்டும் அசைந்தது. முன்வரிசையில் இருந்த தறிக்காரர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அண்ணாச்சி, ஆளு நல்லாத் தெரியுதாரு. பேச்சுதான் இன்னும் வந்து சேரலை.”

தோளில் விழுந்த கை

கூட்டம் முடிந்ததும் தைரியத்தை வரவழைத்து, மகள் விஷயத்தை அவரிடம் சொன்னேன். தோளில் கை போட்டார். போட்டோக்காரர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். “உன் மகள் என் மகள் மாதிரி. முடிஞ்சதுன்னு வச்சுக்கோ” என்றார்.

மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். வாங்கி வைத்திருந்த அப்ளிகேஷனை, இனி எதுக்கு என்று பைபிளுக்குள் வைத்துவிட்டேன். வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஏங்க, பிள்ளை பேரைக் கேட்டாரா?”

ஓடைப் பாலம்

அடுத்த வாரம் எதிர் வேட்பாளருக்குப் பனவடலிசத்திரத்தில் காலைக் கூட்டம். அவர் வேட்டி முழுக்கப் புழுதி. ஊர்க்காரர்கள் ஓடைக்குப் பாலம் கேட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, “பாலம் என்னால முடியாது. பொய் சொல்லிட்டுப் போனா நாளைக்கு உங்க முகத்துல முழிக்கணும். ஓடைக்கரை வரைக்கும் பஸ் விடச் சொல்லிச் சண்டை போடுதேன். அதைக் கேளுங்க” என்றார்.

அவர் கட்சிக்காரரே மைக்கை அணைக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். நான் குழாயைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: “ஏலே, இவரு ஓட்டு கேக்க வந்தாரா, ஓட்டு வேண்டாம்னு சொல்ல வந்தாரா?”

கழற்றிய மைக்

அவர் டீ குடிக்கும்போது மகள் விஷயத்தை இவரிடமும் சொன்னேன். பேரைக் கேட்டார். மார்க்கைக் கேட்டார். “நல்ல மார்க்தானே வே? என் சிபாரிசு அங்கன செல்லாது, மார்க்தான் செல்லும். அப்ளிகேஷன் போட்டாச்சா?” என்றார். இல்லை, இன்னொருத்தர் முடிஞ்சதுன்னு சொன்னார் என்றேன். கடைசி நாள் எப்போது என்றார். நாளைக்கு என்றேன். காலையிலேயே பாளையங்கோட்டையில் நேரில் கொடுக்கணும், தகப்பன் கையெழுத்தும் வேணும்; இன்றைக்குச் சாயந்திர பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது.

அன்று சாயந்திரம் அவருக்குத் திருவேங்கடத்தில் பெரிய கூட்டம். என் பழைய செட்டோ என் கைக்குத்தான் அடங்கும். நான் போனால் அவருக்கு மைக் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தார். “செட்டைக் கழத்தும் வே. நான் தொண்டையால பேசிக்கிடுதேன். நீரு போயி பிள்ளையைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போற வழியைப் பாரும்.”

கிரேஸ் டீச்சரானாள், அவர் தோற்றார். மைக் இல்லாமல் பேசியதால் தோற்றாரா, மறைக்காமல் பேசியதால் தோற்றாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் வீட்டு இரண்டு ஓட்டும் கணக்குத் தப்பாமல் அவருக்குத்தான் விழுந்தது.