அண்ணன் சேர்ந்த அதே பல்கலைக்கழகம்

தங்கைக்காக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காத என் அண்ணன், ஒரு சனிக்கிழமை மதியம் என்னைச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்கு அழைத்துப் போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கை கழுவியதும், "வா, சும்மா நடக்கலாம்" என்றான். சிராங்கூன் சாலையைத் தாண்டி, சிலிகி சாலை வழியாக, வியர்க்க விறுவிறுக்க நடத்திக் கூட்டிப் போய், நகரத்தின் நடுவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் வாசலில் நிறுத்தினான்.

"பாத்தியா, எவ்ளோ கிட்ட! லஞ்ச் டைம்ல நடந்தே போய் தோசை சாப்பிட்டுட்டு கிளாஸுக்கு வந்துடலாம். எம்ஆர்டி ரயிலும் பக்கத்துலயே இருக்கு. உனக்கு இதுதான் சரி லா."

வணிகப் பட்டப்படிப்புக்கு எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று இது. மற்றொன்று மேற்கே, கிளமெண்டி பக்கம் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். இணையத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு மனம் மாறிப் பயனில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு ஏன் இந்தத் திடீர் அக்கறை? மேற்கே உள்ளதில்தான் அவனுக்கும் இடம் இருந்தது. அதே படிப்பு, அதே ஆண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நாட்டில் பையன்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் தேசிய சேவை செய்ய வேண்டும். கிடைத்த இடத்தை அதுவரை அவர்களுக்காக வைத்திருப்பார்கள். பெண்களுக்கு அது இல்லை. அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் ராணுவச் சீருடையைக் கழற்றவும் நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியை முடிக்கவும் சரியாக இருந்தது. பல வீடுகளில் இது நடப்பதுதான். எங்கள் வீட்டில் நடந்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "ரெண்டு பேரும் ஒண்ணா போய் ஒண்ணா வாங்க. அவன் கூட இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்று எங்கள் வட்டாரமான சுவா சூ காங்கின் மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்பா அதற்கும் மேலே போய், ஒரே பாடப்புத்தகத்தை இருவரும் படிக்கலாம் என்று திட்டம் போட்டார்.

எனக்கும் மேற்கேதான் ஆசை. அங்கே வணிகத்தோடு புள்ளியியலையும் சேர்த்துப் படிக்கலாம். பள்ளியிலிருந்தே எண்கள் என்றால் எனக்குப் பைத்தியம். நகரத்தில் இருந்ததும் நல்ல இடம்தான். சின்னச் சின்ன வகுப்பு, பேசினால் மதிப்பெண். ஆனால் நான் கேட்ட சேர்க்கை அங்கே இல்லை. அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் தன் பல்கலைக்கழகத்தையே கரித்துக் கொட்டினான். அங்கே மேடுகளில் ஏறி இறங்கியே கால் போய்விடுமாம், வளாகத்துக்குள் ஓடும் பேருந்தில் நிற்க இடம் இருக்காதாம். இன்னும் ஒரு நாள்கூட அங்கே படிக்காதவன்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சண்டைக்குப் போகவில்லை. அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று எனக்குத் தெரியும்.

தொடக்கப்பள்ளியில் முதலில் என்னை "அவனோட தங்கச்சியா?" என்று கேட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் அது அவனிடம் "அவளோட அண்ணனா?" என்று மாறிவிட்டது. என் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் அம்மா உறவினர்கள் ஒவ்வொருவராக அழைத்துச் சொல்வார். அண்ணன் அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். மற்ற நாட்களில் ஒரு தம்ளரைக்கூட அவன் கழுவியதில்லை. இந்தப் பல்கலைக்கழக இடம்கூட அவனுக்கு உடனே கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்து, நேர்காணலுக்குப் போய், தானே பேசி வாங்கியது. எங்கள் வீட்டில் அவன் தனியாக ஜெயித்த ஒன்று உண்டென்றால் அதுதான்.

கெடுவுக்கு முந்தின நாள், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் அங்க வந்தா உனக்கு என்ன பிரச்சனை? நேரா சொல்லு."

வழக்கமாகச் சண்டைக்கு வருவான். அன்று வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, "அங்க யாருக்கும் உன்ன தெரியாதுன்னு நெனச்சேன். நாலு வருஷம். அவ்ளோதான்" என்றான்.

பிறகு, "நீ எங்க வேணாலும் போ லா" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குப் போய்விட்டான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனுக்காக என் ஆசையை விட்டிருந்தால் நல்ல தங்கை என்று பெயர் எடுத்திருப்பேன். நாலு வருஷமும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் முறைத்துக்கொண்டும் இருந்திருப்பேன். மறுநாள் கணினி முன்னால் உட்கார்ந்து, நகரம், மேற்கு, நகரம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மேற்கையே அழுத்தினேன். அண்ணனிடம் சொன்னபோது, "ஓகே" என்றான். அந்த ஒற்றை வார்த்தை என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

எத்தனையோ குழுக்கள் இருந்தும், டுட்டோரியல் என்னும் சிறு குழு வகுப்புக்கு எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். முதல் வகுப்பில் அவன் ஒரு கோடியில், நான் மறு கோடியில். சுவரில் இருந்த பெரிய திரையில் எல்லாருடைய பெயர்களும் வந்தன. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். இரண்டு வரிசைகளிலும் எங்கள் அப்பா பளிச்சென்று தெரிந்தார்.

அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பையன் திரையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். சுற்றி இருந்தவர்களும் திரும்பினார்கள்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"இல்ல லா. எங்க ஆளுங்க மத்தியில அது ரொம்ப காமனான பேரு" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் போட்டுடைத்துவிடுவேனோ என்ற பயம் அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது.

"ஆமா, எங்க ஸ்கூல்லகூட ரெண்டு மூணு பேரு இருந்தாங்க" என்றேன்.

பையன் தலையாட்டிவிட்டுத் தன் கணினியைத் திறந்தான். அண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.