கூறை போர்த்திய பேய்

அந்த மீன் எங்கள் வீட்டுக்கு இரண்டாந்தரம் வந்தபோது, சுற்றியிருந்த தாளில் நான் முன்பு ஒட்டிய ஒட்டுநாடா அப்படியே இருந்தது. பலகையில் அறைந்த ரப்பர் மீன் அது. முன்னால் யாராவது நடந்தால் தலையைத் திருப்பி, வாலை அடித்து, ஆங்கிலத்தில் பாடத் தொடங்கிவிடும். எங்கள் புதுவீடு குடிபூரலுக்கு யாரோ தந்தது. குசினிச் சுவரில் கொஞ்ச நாள் மாட்டினேன். தேத்தண்ணி ஊற்றப் போனாலும் பாட்டு, உப்பு எடுக்கப் போனாலும் பாட்டு. பொறுக்கமுடியாமல் கழற்றிப் பெட்டியில் போட்டு, அடுத்து வந்த பிறந்தநாள் ஒன்றுக்குக் கொடுத்துத் தலைமுழுகினேன். பிறகு எத்தனை வீட்டுக் கட்டில்களின் கீழ் படுத்து எழும்பியதோ தெரியாது. சிட்னியின் டூங்கபியில் எங்கள் ஆட்களுக்குள் பரிசுச் சாமானுக்கு அழிவில்லை. அது சுற்றிச் சுற்றி வரும். எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இந்த முறை அந்த மீன் வந்தது கொண்டாட்டத்துக்கு இல்லை. என் மகளுக்கு வருத்தமென்று பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒலிம்பிக் நடந்து முடிந்து ஊர் அடங்கியிருந்த காலம். இடுப்பு எலும்பு குழியில் சரியாகப் பொருந்தவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டிச் சரிப்படுத்தி, நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். கை இரண்டும் தலையும்தான் அவளுக்குச் சொந்தம். மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கட்டி. முன் ஹோலில் கட்டில் போட்டிருந்தோம். இடைக்கிடை ஆஸ்பத்திரி இரவல் தந்த சாய்வான சக்கரக் கதிரையில் ஏற்றி வைப்போம்.

பார்க்க வராதவர்கள் இல்லை. அடுத்த தெரு அன்ரிதான் முதல் ஆள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு இந்த நாட்டில் எனக்குச் சோறு போட்டுப் பழக்கியவர், தங்கமான மனுசி. வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, தலையை ஒரு பக்கம் சரித்து, நாக்கால் 'ச்சு' கொட்டி, "பாவம் பிள்ளை" என்பார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். அவர்களும் அப்படித்தான், தலை சரிந்து 'ச்சு' கொட்டிப் பாவம் என்றார்கள். என் மகளின் தமிழ் அரைகுறை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

மீனைத் தந்தவர்கள் போன பிறகு அவள் தகப்பனைக் கூப்பிட்டாள். நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் என்னைப் பாவம் பாவம் எண்டுகினம் அப்பா. ஆராவது ஒராள் என்னைப் பார்த்துப் பயப்பிடோணும். வன் ரைம், ப்ளீஸ்."

மாதக் கடைசியில் ஹலோவீன் வந்தது. அந்த நாளில் எங்கள் தெருவில் அது இன்னும் ஊன்றவில்லை. பேய்வேஷம் போட்ட சில பிள்ளைகள் இனிப்பு வாங்கத் தலையணை உறையோடு வருவார்கள், பாதி வீடுகள் கதவே திறக்காது. முந்தின வருஷம் என் மகளும் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு போய் வந்தவள். இந்த வருஷம் போகமுடியாது. வருகிறவர்களை நாங்களே பயப்படுத்துவோம் என்று தகப்பனும் மகளும் முடிவெடுத்துவிட்டார்கள்.

என் மனுசன் பரமட்டாவில் கணக்கு வேலை செய்பவர். மின்குமிழ் மாற்றுவதென்றால் கதிரையைப் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனுசன் என் குசினிக் கத்தரிக்கோலை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து மீனின் ரப்பர்த் தோலை உரித்தார். உள்ளே பிளாஸ்ரிக் தாடையும் முள்ளந்தண்டும் மட்டும் இருந்தன. மேலால் கையை அசைத்தார். அந்த எலும்புக்கூடு தலையைத் திருப்பி வாயைத் திறந்து மூடியது. என் மகள் சிரித்தாள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். அதனால்தான் கத்தரிக்கோலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இல்லாவிட்டால் விட்டிருப்பேனா?

அதற்குப் பிறகு வீட்டு ரெலிபோனுக்கு ஓய்வில்லை. உங்கட வீட்டில கத்துற, ஆடுற சாமான் ஏதும் கிடக்கோ என்று தெரிந்த வீடெல்லாம் கேட்டார். சனத்துக்குப் பெரிய நிம்மதி. கட்டிலுக்குக் கீழே கிடந்ததெல்லாம் புறப்பட்டு வந்தது. இடுப்பை ஆட்டுகிற நத்தார் தாத்தா, வாசலில் வைத்தால் கத்துகிற தவளை, கறுப்புக் கண்ணாடி போட்ட பூச்செடி, ஃபிரிட்ஜைத் திறந்தால் உறுமுகிற பன்றி. தாத்தாவின் சிவப்புச் சட்டையைக் கழற்றி, தாடியை வெட்டி, சிரட்டையில் கண் துளைத்து முகமாக ஒட்டினார். பன்றியின் குரலை ஒரு பூசணிக்காய்க்குள் இறக்கினார். நாவூறு பட்டுவிடும் என்று பூசணிக்காய் வெட்டுகிற சாதி நாங்கள், இங்கே பூசணிக்காய்க்குள் பேயைக் குடியேற்றிக்கொண்டிருந்தோம். வருத்தக்காரப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலுக்குப் பேயைக் கூப்பிடலாமோ என்று நான் கத்தினேன். பிள்ளை சிரிக்குதெல்லோ என்று அவர் சொன்னார்.

எல்லாம் கராஜில் நடந்தது. ஒவ்வொரு பொம்மையிலும் சின்னக் கண் ஒன்று உண்டு. அதன் மேல் நிழல் விழுந்தால் பொம்மை விழித்துக்கொள்ளும். சோதித்துப் பார்ப்பது மகளின் வேலை. கதிரையோடு அவளை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அவள் இமைகூட ஆடாமல் இருப்பாள், பொம்மையும் பேசாமல் இருக்கும். பிறகு திடீரென்று கையை வீசுவாள், அது அலறும். அசையாமல் இருப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. கிழமைக்கணக்கில் அவளுக்கு வேறு என்ன வேலை இருந்தது?

எங்களுக்குள் உண்மையான சண்டை ஒன்றுதான் வந்தது. தனக்கு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு வேண்டும், போர்த்திக்கொண்டு ஜன்னலடியில் பேயாக இருக்கப்போகிறேன் என்றாள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். முடியாது என்றால் முடியாது, இன்னொருதரம் கேட்டால் எல்லாச் சாமானையும் குப்பையில் போடுவேன் என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவளைக் கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தக் கதவு மூடின பிறகு நான் எத்தனை கோயிலுக்கு நேர்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கையால் அவளுக்கு வெள்ளைத் துணி போர்த்த என்னால் முடியாது. இதைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஹலோவீன் அன்று மனுசன் மத்தியானமே வேலையால் வந்து எல்லாவற்றையும் முன் வளவில் அடுக்கினார். புல்லில் மீன் எலும்பு, படியோரம் பூசணிக்காய், யூக்கலிப்டஸ் மரத்தடியில் சிரட்டை முகத்தோடு தாத்தா. பற்றரி எல்லாம் புதிது.

கராஜில் காற்றில்லை, ரியூப் லைற் வெளிச்சம் ஆடாது. வெளியில் மேற்கு வெயில் சரிந்து அடித்தது, சுடுகாற்று வேறு. மரத்தின் கிளை ஆட, நிழலும் ஆடியது. அவ்வளவுதான். தாத்தா இடுப்பை ஆட்டத் தொடங்கினார். மீன் பாடியது, பன்றி உறுமியது, தவளை கத்தியது. ஒருவரும் வராத வளவில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பின்னேரம் முழுக்கக் கத்தின. அயல்வீட்டு நாய்கள் பதிலுக்குக் குரைத்தன. மனுசன் ஒன்றை நிற்பாட்ட ஓடினால் அவருடைய நிழல் பட்டு மற்றது தொடங்கும். கணக்காளர் வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. நான் ஜன்னலால் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

கோடைக்கென்று ஊர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தபடியால் பொழுதுபட நேரம் எடுத்தது. அதற்குள் பற்றரி இறங்கிவிட்டது. மீன் கடைசியாக வாயைத் திறந்தது திறந்தபடி நின்றது. சுற்றுவட்டாரக் கடைகளில் அந்த அளவுப் பற்றரி முடிந்துவிட்டது என்று மனுசன் வெறுங்கையோடு வந்தார். இன்னும் உயிர் இருந்த ஒன்றிரண்டு பொம்மைக்கும் மங்கிய வெளிச்சத்தில் நிழல் தெரியவில்லை.

அப்போதுதான் பிள்ளைகள் வந்தார்கள்.

மகளை ஜன்னலடியில் கதிரையில் வைத்திருந்தோம். நான் பின்னால் நின்றேன். பிள்ளைகள் படலையடியில் நின்று எங்கள் வளவை எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. ஒரு பெடியன் தாத்தாவைக் காலால் தட்டி விழுத்தினான். மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் மேல் தெருவுக்குப் போய்விட்டார்கள். என் மகள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லை அம்மா," என்றாள்.

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளை, கிழவி மாதிரிப் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காற்றின் மேல் கோபம், வெயிலின் மேல் கோபம், அந்த மனுசன் மேல் கோபம், பிள்ளையின் எலும்பை அப்படிப் படைத்த கடவுள் மேல் கோபம். கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இராது. நேரே போய் அலுமாரியைத் திறந்தேன். கையில் வந்தது என் கூறைச் சேலை. குங்குமச் சிவப்பு, கனத்த சரிகை. தாலி கட்டின அன்றுக்குப் பிறகு யாரையும் தொட விடாதது. அதை விரித்து மகளின் தலையிலிருந்து கால்வரை போர்த்தினேன்.

"வெள்ளைதான் வேண்டாம் எண்டனான். பேய் வேண்டாம் எண்டு சொன்னனானோ?" என்றேன்.



விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையை வாசற்படியில் இருத்தக்கூடாது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கராஜ் வழியாகத் தள்ளிக்கொண்டுபோய், கார் நிறுத்துகிற பாதையின் நடுவில் விட்டோம். மடியில் இனிப்புக் கோப்பை. சுற்றிவரச் செத்துக் கிடந்த பொம்மைகள். மனுசன் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தினார், நான் காருக்குப் பின்னால். மேல் தெரு முடிந்தால் பிள்ளைகள் எங்கள் பக்கத்தால்தான் திரும்பவேண்டும்.

திரும்பினார்கள். கோப்பையைக் கண்டு உள்ளே வந்தார்கள். இதுவும் வேலை செய்யாத சாமான் என்று அந்தப் பெடியன் மற்றவர்களுக்குச் சொன்னான். அவள் மூச்சு விடுகிறாளா என்று எனக்கே சந்தேகம். அவன் கிட்ட வந்தான். சேலை ஆடவில்லை. கோப்பைக்குள் கையை விட்டான். இன்னும் ஆடவில்லை. கை நிறைய அள்ளினான் பாருங்கள், சிவப்புச் சேலைக்குள்ளிருந்து ஒரு கை பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கூடவே, அந்தத் தவளையிடமிருந்து பழகின ஒரு கத்தல்.

அவன் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு ஓடினான். மற்றவர்கள் அவனை முந்தி ஓடினார்கள். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் மனுசன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சேலைக்குள் அவள் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. நான் காரில் சாய்ந்து அழுதேன். ஏன் வெட்கப்படவேண்டும், அழுதேன்தான்.

சப்பாத்துக்காகத் திரும்பி வந்தவர்கள், இன்னொருக்காச் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு வேறு பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிவந்து, தாங்கள் மதிலோரம் ஒளிந்திருந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். காலுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படி அசையாமல் இருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

கோப்பை வெறுமையாகிறபோது அடுத்த தெரு அன்ரி வந்தார். இந்தக் கூத்தெல்லாம் அவருக்குத் தெரியாது. கையில் மூடின தட்டு, பிள்ளைக்கு வடை. இருட்டுக்கட்டுகிற நேரம், கதிரையில் ஏதோ சிவப்பாகக் கிடப்பதைக் கண்டு நின்றார். குனிந்து பார்த்தார். எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணுக்குச் சரிகைக் கரை போதும், அது கூறை என்று கண்டுகொள்ள. விளக்கு வைக்கிற நேரத்தில் கூறையை வெளியில் காயப்போட்ட பெண்ணை என்னவென்று சொல்வது? என்னை ஏசிக்கொண்டே, தட்டை ஒரு கைக்கு மாற்றி, சேலையை உருவ மற்றக் கையை நீட்டினார்.

நான் காருக்குப் பின்னாலிருந்து எழும்பினேன். பிந்திவிட்டது.

கத்தல் கேட்டு அன்ரி தொப்பென்று புல்லில் இருந்துவிட்டார். வடைகள் மீன் எலும்பைச் சுற்றி உருண்டன. மனுசன் ஓடிவந்து தூக்கப் போனார். அன்ரி அவர் கையைத் தட்டிவிட்டார். ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி, கதிரையை நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சரிக்கவில்லை, ச்சு கொட்டவில்லை.

"சரியான பொல்லாத பெட்டை," என்றார்.

என் மகள் கூறையை முகத்திலிருந்து மெல்ல விலக்கினாள். தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"அன்ரி," என்றாள், "திருப்பிச் சொல்லுங்கோ."