வாசலில் கிடந்த மாமாவின் செருப்பு

பிள்ளைகளா, நாம் இப்போது மில்லர்புரத்தில் இருக்கிறோம். அதனால் நான் வளர்ந்த கடற்கரைத் தெருவின் சட்டம் உங்களுக்குத் தெரியாது. அங்கே பகலில் தூங்குகிற ஆம்பளையை எழுப்பினால் அடி விழும். ராத்திரியெல்லாம் வள்ளத்தில் கிடந்து வலை இழுத்தவன் உள்ளே தூங்குகிறான் என்பதற்கு வாசலில் கிடக்கும் அவன் செருப்புதான் அடையாளம். அதைப் பார்த்துவிட்டால் கீரைக்காரி கூவ மாட்டாள். நாங்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்கு ஓட வேண்டும்.

தூங்குவது பொம்பளை என்றால் இந்தச் சட்டம் கிடையாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் அம்மாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அம்மாவின் தம்பியான மாமாவின் உடம்பிலிருந்து ரத்த அணுக்களை எடுத்து அம்மாவுக்கு ஏற்றினார்கள். ஸ்டெம் செல் என்பார்கள். புது ரத்தம் முளைப்பதற்கான வித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பிழைத்து வந்தாள். வந்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் கெடும், கோபம் வரும், அழுகை வரும், அதுவும் நோயின் பங்குதான், மறைக்காமல் வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள் காதில் மாத்திரை பற்றிச் சொன்னது மட்டும்தான் ஏறியது.

அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தார். மாமா, ராத்திரி தன்னோடு வள்ளத்தில் வரும் சேக்காளிகளோடு பக்கத்துத் தெருவில் ஓர் அறையில் இருந்தார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வருவார். அம்மாவுக்கு விடிந்த பிறகுதான் கண் சொருகும். மாமா கேலி செய்வார்.

“என் ரத்தம்லா அக்கா, அதாம் ராத்திரி முழிச்சிட்டு பகல்ல தூங்குது. நாளைலருந்து வலையத் தூக்கிட்டு நீயும் வந்துரு.”

அம்மா சிரிக்க மாட்டாள்.

கண் சொருகுகிற நேரம் பார்த்து அத்தை வந்துவிடுவாள். அப்பாவுக்கு அக்கா. கிருமி தொற்றும், ஆட்களை அண்டவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை ஆள் இல்லையாம், சொந்தமாம். கூடத் துணைக்கு நாலு பெண்களும்.

“ஏளா, எந்திரி. பொம்பள பகல்ல படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா? செத்துப் பொழச்சு வந்திருக்க, மொகத்துல ஒரு சிரிப்பு வேண்டாம்?”

“இப்பதாம் கண்ண மூடுனேன் மதினி.”

“தம்பி உசுரையே குடுத்திருக்கான். இன்னும் ஒனக்கு என்ன கொற?”

அம்மா எழுந்து உட்கார்ந்து சிரிப்பாள். அவர்கள் போன பிறகு ஏச்செல்லாம் மாமாவுக்கு. “ஒன்ன எவன் குடுக்கச் சொன்னான்?” என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டாள். எனக்கு அம்மா மேல் ஆத்திரமான ஆத்திரம். மாமாவோ சோற்றைப் பிசைந்துகொண்டே, “கொழம்புலதாம் உப்பு கம்மி, ஏச்சுல சரியா இருக்கு” என்றார்.

அடுத்த நாளிலிருந்து மாமாவின் செருப்பு எங்கள் வாசலில் கிடந்தது. அத்தை வந்தாள், பார்த்தாள். “தம்பி இங்கன ஒறங்குதானோ” என்று கிசுகிசுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். தெருவே அடங்கிவிட்டது. அம்மா மதியம்வரை தூங்கினாள். தினமும் இப்படியே நடந்தது.

ஒரு சனிக்கிழமை பந்தைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் மாமா வெறுங்காலோடு கிடந்தார். வெயில் ஏற ஏற நிழலோடு அவரும் நகர்ந்துகொண்டிருந்தார். தன் அறைக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை. ரத்தத்தையும் வாங்கிக்கொண்டு அம்மா அவரைத் துரத்திவிட்டாள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள்.

“மாமா வள்ளத்தடியில கெடக்காரு! நீதான வெரட்டுன?”

அம்மா என்னைப் பார்த்தாள். கீழே கிடந்த செருப்பைப் பார்த்தாள். அத்தை தன் கூட்டத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்து, பூனை மாதிரி நடந்தாள்.

அம்மா குனிந்து செருப்பை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் வீசினாள்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க! உள்ள தூங்குனது நான். இந்தச் செருப்புக்கு இருக்க மரியாத எனக்குக் கெடையாதா? ராத்திரி கண்ண மூடுனா மறுபடி தொறப்பனான்னு கெடந்து நடுங்குதேன். அதக் கேக்க ஒருத்தியாவது வந்தியளா? சிரி சிரிங்கிய. சிரிக்க மாட்டேன். நாந் தூங்கப் போறேன். எவளாவது எழுப்புங்க, பாப்பம்!”

கதவைக்கூடச் சாத்தாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தை முன்வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். படியேற ஒருத்திக்கும் துணிவில்லை.

நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னய ஏசலியே? அவுகளத்தான ஏசுனா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏலே, ஒங்கம்மைக்குச் சொகமாயிட்டுல!”

செருப்பைத் தலைக்கு வைத்து, அந்த வெயிலிலேயே தூங்கிப்போனார்.

சொந்தத் தம்பி செருப்பைத் தெருவில் எறிந்தவளைச் சொகமாயிட்டு என்கிறாரே, தூக்கம் கெட்டு இவருக்கும் மூளை குழம்பிப்போச்சு என்றுதான் நான் நினைத்தேன்.