மூன்று பேருக்கு இடம் வேண்டும்

பஸ், டாக்சி, ஆட்டோ எல்லாம் ஸ்டிரைக் என்று முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு அலிப்பூர் கலெக்டர் ஆபீஸில் எங்கள் தத்து மனுவுக்கு விசாரணை. பாப்பா எங்களோடு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கலெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டப்படி எங்கள் பெண். ஸ்டிரைக் என்றாலும் ஆபீஸ் திறந்திருக்கும், அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த தேதி எப்போதோ என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருப்பதோ ராஜர்ஹாட்டில், ஊரின் இன்னொரு கோடி. சொந்தக் காரும் கிடையாது.

எங்கள் கொல்கத்தா தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் யார் கார் எந்தப் பக்கம் போகிறது என்று இங்கிலீஷில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து எழுதினேன்.

"இங்கிலீஷ்லயே போடேன்" என்றார் கணவர்.

"தமிழ் குரூப்ல தமிழ்ல எழுதாம வேற எதுல எழுதறதாம்?" என்று அவர் வாயை அடைத்தேன். நிறுத்தி நிதானமாகப் பத்து வரி. கடைசியில் 'இரண்டு பெரியவர், ஒரு குழந்தை' என்று முடித்தேன். எங்கள் மகள் என்று எழுதக் கை வரவில்லை. கையெழுத்து ஆகட்டுமே என்று ஒரு பயம்.

பதிலுக்கு வந்தவை எல்லாம் கும்பிடும் கை பொம்மைகள். பாலிகஞ்ச் மாமா ஒருவர் "நல்லதே நடக்கும்" என்று வாழ்த்தினார். அவரிடம் கார் இல்லை. கார் வைத்திருந்த சின்னவர்கள் வாயே திறக்கவில்லை. காலை எட்டரை வரை பொறுத்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை அமுக்கினேன். "ஏம்ப்பா, பதினொரு மணிக்கு நாங்க அலிப்பூர்ல நிக்கலைன்னா குழந்தையோட தத்து ஆர்டர் தள்ளிப் போயிடும். இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட மனசில்லையா? போங்க, தூக்கிண்டு நடந்தே போறோம்." கடைசியில் அழுதேவிட்டேன். அப்படியே அனுப்பியும் விட்டேன்.

இரண்டு நிமிஷத்தில் ஐந்து கார். எங்கள் அடுக்குமாடியிலேயே அடுத்த டவர் பெண் கீழே வந்து ஹாரனே அடித்துவிட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. "சாரி ஆன்ட்டி, நீளமா தமிழ்ல இருந்தா கும்பாபிஷேகப் பத்திரிகைன்னு நாங்க தள்ளிவிட்டுடுவோம்" என்றாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரிக்கட்டும், தப்பு என்னுடையதுதான்.

காலியான ரோட்டைப் பார்த்துப் பாப்பா வழி நெடுக "பஸ் கோத்தாய்?", பஸ் எங்கே என்று வங்காளியில் கேட்டுக்கொண்டே வந்தாள். பத்தரைக்கே போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்தான ஆர்டர் கைக்கு வந்தது. அந்தப் பெண் தன் ஆபீஸுக்குப் போயிருந்தாள், திரும்ப வேறு கார் வேண்டும். மறுபடி மைக்கை அமுக்கினேன்.

"அலிப்பூர்லேர்ந்து ராஜர்ஹாட் போகணும். மூணு பேர். அம்மா, அப்பா, பொண்ணு."

கார்கள் அப்புறம்தான் வந்தன. முதலில் வந்து கொட்டியவை கும்பிடும் கைகள். இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் பாப்பாவுக்குக் காட்டினேன்.