ஏஞ்சல் எடுத்துவிட்ட நான்கு படங்கள்

ஜெகதாப்பட்டினத்தில் ஏஞ்சலைத் தெரியாதவர் இல்லை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. கார்ட்டூன் படத்துக்கு இயக்குநர் என்பாள். நீ எதை வரைந்தாய் என்று கேட்டால், ஒன்றும் வரையவில்லை என்பாள். வரைகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். வரையாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்தான்.

நான் ஓட்டும் விசைப்படகில் அவள் தம்பி ஜஸ்டின் புதிதாகச் சேர்ந்திருந்தான். வலையை இழுக்கும் வின்ச் ஓடும்போது, சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைத்து நிற்பான். கயிறு திடீரென இறுகினால் கால் போய்விடும். என் வலது காலில் இரண்டு விரல் போனது அப்படித்தான். நான் திட்டினேன், அக்கா அழுதும் பார்த்தாள். தலையாட்டிவிட்டு மறுபடி அங்கேயே நிற்பான், பாவி.

கடைசியில் அதையே மூன்று நிமிடப் படமாக எடுக்கத் துணிந்தாள். "கண்ணுசாமி அண்ணே, கயிறு இறுகுறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றேன். அவள் விடவில்லை. யோசித்தபோது நினைவு வந்தது: அதற்கு முன் கயிறு வெகுநேரம் சும்மாதான் கிடந்தது.

ஓவியர்கள் கயிறு இறுகுவதை ஆறு படங்களாக அழகாக வரைந்து அனுப்பியிருந்தார்கள். என்னைக் கணினி முன் உட்கார வைத்துக்கொண்டு, அதில் நான்கை எடுத்துவிட்டாள். இரண்டே படத்தில் கயிறு இறுகிவிட்டது; அந்தக் காட்சியின் மிச்ச நேரத்தையெல்லாம் கயிறு சும்மா கிடப்பதற்குக் கொடுத்தாள். மறுபடி ஓட்டியபோது எனக்கு இல்லாத விரல் வலித்தது. சத்தியமாக வலித்தது. ஒரு கோடுகூடப் போடாமல் இதைச் செய்துவிட்டாள்.

ஞாயிறு மாலை வலைக்கூடத்தில் திரை கட்டினோம். நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். கயிறு கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். சட்டென்று கயிறு இறுகியதும், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். முப்பது வருடக் கடலில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. அவள் பெயர் திரையில் வருவதற்குள் யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாள் கடலில், வின்ச் ஓடுவதற்கு முன் ஜஸ்டின் குனிந்து பார்த்தான். காலை எடுத்துக் கயிற்றுக்கு வெளியே வைத்தான். படம் எப்படி என்று மெல்லக் கேட்டேன்.

"வரைஞ்சவன் கெட்டிக்காரன்ணே" என்றான்.

கரைக்கு வந்ததும் ஏஞ்சலிடம் ஆற்றாமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். யாரைப் புகழ்ந்தான் என்பது அவள் காதில் ஏறவே இல்லை.

"கால வெளிய வச்சானாண்ணே?" என்று இரண்டு முறை கேட்டாள்.